ஐசோசயனேட் இல்லாத பாலியூரித்தேன்: டிடிஐ, எம்டிஐ கதை முடிந்ததா?

3 மார்ச் 2025, காலை. கேள்வி

வளைய கார்பனேட்டையும் டைஅமீனையும் கலந்தால் போதும், ஐசோசயனேட் செய்யப் பயன்படும் நச்சு வாயுவான பாஸ்ஜீனும் வேண்டாம், ஐசோசயனேட்டும் வேண்டாம், பாலியூரித்தேன் தயார் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். அப்படியானால் இன்று பாலியூரித்தேனுக்கு அடிப்படையான டிடிஐ, எம்டிஐ என்ற இரண்டு ஐசோசயனேட்டுகளும் இன்னும் ஐந்து வருடத்தில் காணாமல் போய்விடுமா? இப்போது ஃபார்முலேஷன் (கலவை வடிவமைப்பு) கற்க ஆரம்பிப்பவர் எதைக் கற்க வேண்டும்?

3 மார்ச் 2025, மாலை. பதில்

போகாது. ஐந்து வருடத்தில் நிச்சயமாகப் போகாது.

1937-இல் ஓட்டோ பேயர் ஜெர்மனியின் லெவர்குசனில் கண்ட வினை இன்றும் நிற்பதற்குக் காரணம் வேகம். ஐசோசயனேட்டும் ஹைட்ராக்ஸிலும் வினையூக்கி இருந்தால் அறை வெப்பத்தில் சில நிமிடங்களில் கட்டிவிடும். ஐந்தணு வளைய கார்பனேட்டும் அமீனும் அதே வெப்பத்தில் நாள்கணக்கில் இழுக்கும். சூடேற்றினால், அதாவது 80 டிகிரியில் டிபிடி போன்ற வலிய காரத்தைச் சேர்த்தால், மணிக்கணக்குக்கு வரும். நுரைத் தொழிலில் எல்லாம் விநாடிக் கணக்கு. கலவை ஊற்றிய பெட்டி நகர்ந்துகொண்டே இருக்கும். அது மணிக்கணக்காகக் காத்திருக்காது.

இன்னொரு சிக்கல்: வளையம் திறக்கும்போது ஒவ்வொரு யூரித்தேனுக்கும் பக்கத்தில் ஒரு ஹைட்ராக்ஸில் முளைக்கிறது. ஒட்டுப்பசைக்கு அது வரம், உலோகத்தில் நன்றாகப் பிடிக்கும். நீர் படும் இடத்தில் சாபம், படலம் ஈரத்தை உறிஞ்சிக் கொழகொழத்துவிடும். அதோடு ஹைட்ரஜன் பிணைப்பு கூடி, வினை முடியும் முன்பே கலவை இறுகிப்போகும். உள்ளே சிக்கிய அமீனுக்கு நகர இடமில்லை. இறுகிவிட்டதே என்று எடுத்துச் சோதித்தால் வினை பாதிதான் நடந்திருக்கும்.

சுருக்கமாக: பூச்சு, ஒட்டுப்பசை, தரைப்பூச்சு ஆகியவற்றில் இதற்கு இடம் உண்டு. நுரையில் இல்லை.

4 மார்ச் 2025

நேற்றைய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். "நுரையில் இல்லை" என்பது தப்பு.

பெல்ஜியத்தின் லீஜ் பல்கலைக்கழகத்தில் டெட்ரம்ப்ளர் குழு 2020 முதல் இதற்கு வழி காட்டிவருகிறது. தையால் (கந்தக-ஹைட்ரஜன் தொகுதி உள்ள சேர்மம்), வளைய கார்பனேட்டின் ஆல்கைல் கார்பனைத் தாக்கினால் தையோஈதர் உருவாகி, கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். அமீன் வளையத்தைத் திறந்து சங்கிலியைக் கட்டும், தையால் வாயுவை ஊதும், இரண்டும் ஒரே பாத்திரத்தில். பிறகு தையாலுக்குப் பதில் தண்ணீரையே வைத்தார்கள். காரம் இருந்தால் தண்ணீர் கார்பனேட்டை நீராற்பகுத்து வாயு தரும். வழக்கமான நுரையில் தண்ணீர் செய்யும் வேலையேதான், ஐசோசயனேட் மட்டும் இல்லை. எபாக்சி-அமீன் வினையின் சொந்த வெப்பத்தைக் கொண்டு வெளியிலிருந்து சூடேற்றாமல் பொங்கவைக்கும் கலவைகளும் வந்துவிட்டன.

ஆனால் ஒரு கணக்கு உதைக்கும். தண்ணீர் சாப்பிடும் ஒவ்வொரு வளையமும் சங்கிலி கட்டுவதற்கு உதவாமல் போகிறது. வாயு கூடினால் பிணைப்பு குறையும். இரண்டையும் பிரித்து ஆள வழக்கமான நுரையில் ஊதுவதற்கு ஒரு வினையூக்கி, கட்டுவதற்கு ஒரு வினையூக்கி என்று எழுபது ஆண்டுகளாகச் சேர்த்த அலமாரி இருக்கிறது. இங்கே அந்த அலமாரி கிட்டத்தட்டக் காலி.

6 மார்ச் 2025

"பாஸ்ஜீன் போய்விட்டதே, அது போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வளைய கார்பனேட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எபாக்சியில் கார்பன் டை ஆக்ஸைடைச் செலுத்தி, டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடு போன்ற வினையூக்கியோடு செய்கிறார்கள். அந்த எபாக்சி பெரும்பாலும் எபிகுளோரோஹைட்ரினிலிருந்து வருவது. அது புற்றுநோய் ஐயம் உள்ள சரக்கு. பேய்க்குப் பயந்து பிசாசு வீட்டில் தங்கிய கதை. தாவர எண்ணெயை எபாக்சியாக்கி அதைக் கார்பனேட்டாக்கினால் இந்தக் குறை இல்லை. ஆனால் அங்கே வளையங்கள் சங்கிலியின் நடுவில் மறைந்து கிடப்பதால் அமீன் இன்னும் மெதுவாகத்தான் சேரும். எண்ணெயின் எஸ்டர் பிணைப்பையும் அமீன் கடித்து அமைடாக்கிவிடும், சங்கிலி துண்டாகும்.

கைவேலைக்கு ஒரு குறிப்பு. வினை எவ்வளவு நடந்தது என்று அகச்சிவப்பில் பார்ப்பவர்கள் பழக்கதோஷத்தில் 2270 செ.மீ⁻¹ அலை எண்ணைத் தேடுவார்கள். அது ஐசோசயனேட் முகடு. இங்கே பார்க்க வேண்டியது 1800-க்குப் பக்கத்தில் உள்ள வளைய கார்பனேட் முகடு. அது குறைந்து 1700-க்குப் பக்கத்தில் யூரித்தேன் எழ வேண்டும். படலத்தை மூடாமல் உலரவைத்தால் மேலே வெள்ளையாக மாவு பூத்ததுபோல் வரும். பூஞ்சையோ ஈரமோ அல்ல, வினைபுரியாத அமீன் காற்றின் கார்பன் டை ஆக்ஸைடோடு சேர்ந்த கார்பமேட் உப்பு. விரலால் தேய்த்தால் வந்துவிடும். அதன் மேல் அடுத்த பூச்சு அடித்தால் உரிந்து வரும்.

11 மார்ச் 2025

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். உண்மையான மாற்றம் கதாநாயகனில் இல்லை, துணை நடிகர்களில் இருக்கிறது: வினையூக்கி, ஊதுபொருள் (ஆவியாகி நுரையை எழுப்புவது), மோனோமர் எச்சம் (வினைபுரியாமல் மீந்த ஐசோசயனேட்). இந்த மூன்றிலும் ஒன்றை மாற்றினால் பக்கத்தில் இருக்கும் ஒன்று கெடும். கற்க வேண்டியது அந்தக் கெடுதலைத்தான்.

ஊதுபொருள் முதலில். சிஎஃப்சி-11 போய் ஹெச்சிஎஃப்சி-141பி வந்தது, பிறகு ஹெச்எஃப்சி-245எஃப்ஏ, இப்போது ஹெச்எஃப்ஓ, அதாவது 1233இசட்டி, 1336எம்இசட்இசட் போன்ற இரட்டைப் பிணைப்பு கொண்ட புளோரின் சேர்மங்கள். 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஓசோனுக்காக; 2016 கிகாலி திருத்தம் புவி வெப்பத்துக்காக. 245எஃப்ஏயின் வெப்பமாக்கல் திறன் கார்பன் டை ஆக்ஸைடைப்போல் சுமார் 1000 மடங்கு. 1233இசட்டி ஒற்றை இலக்கம்.

மாற்றும்போது எடைக்கு எடை போடாதீர்கள், மோலுக்கு மோல் போடுங்கள். 245எஃப்ஏ மூலக்கூறு எடை 134, 1233இசட்டி 130.5, 1336எம்இசட்இசட் 164, சைக்ளோபென்டேன் 70. பழைய கலவையில் 245எஃப்ஏ 10 பங்கு இருந்தால் 1233இசட்டி 9.7 பங்கு, 1336 என்றால் 12.2 பங்கு. சைக்ளோபென்டேன் 5.2 பங்கு போதும், ஆனால் அது தீப்பிடிக்கும், கூடமே வெடிப்புப் பாதுகாப்போடு இருக்க வேண்டும். கொதிநிலையும் ஒன்றல்ல: 245எஃப்ஏ 15 டிகிரி, 1233இசட்டி 19, 1336 33, சைக்ளோபென்டேன் 49. மோல் சரியாக இருந்தாலும் 1336 தாமதமாக ஆவியாகும். மோல்டு குளிர்ந்திருந்தால் சுவரோரம் தடித்த தோல்தான் மிஞ்சும், நுரை இருக்காது.

12 மார்ச் 2025

ஹெச்எஃப்ஓவில் எல்லோரும் விழும் குழி இதுதான். பாலியால் (ஐசோசயனேட்டோடு சேரும் ஹைட்ராக்ஸில்கள் உள்ள திரவம்), சர்பேக்டன்ட் (குமிழியைச் சீராக்குவது), அமீன் வினையூக்கி, ஹெச்எஃப்ஓ எல்லாவற்றையும் பிரீமிக்ஸாக, அதாவது முன்கலவையாகக் கலந்து டிரம்மில் வைக்கிறார்கள். முதல் நாள் நுரை அருமை. மூன்று வாரம் கழித்து அதே டிரம்மில் கிரீம் டைம் (கலவை பொங்கத் தொடங்கும் நேரம்) இரட்டிப்பாகிறது, நுரை எழுந்து நின்று ஒரு பெருமூச்சு விட்டு அமர்கிறது, வெட்டிப் பார்த்தால் கண்ணறைகள் மிளகளவு.

காரணம், அமீன் ஹெச்எஃப்ஓவின் இரட்டைப் பிணைப்பைத் தாக்குகிறது. வெளியே வரும் ஹாலைடு அயனியும் அமிலமும் மீதி அமீனை உப்பாக்கிவிடும். இப்படி வினையூக்கி சாகிறது. கூடவே சிலிக்கோன் சர்பேக்டன்ட்டும் சிதைகிறது. அதனால்தான் அமீனை மட்டும் கூட்டிப் போட்டு வேகத்தை மீட்டாலும் கண்ணறை சீராக வராது. இந்த இடத்தில் அமீனைக் கூட்டிக்கொண்டே போவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றும் வேலை.

செய்யக்கூடியவை: பருமனான பக்கத் தொகுதிகள் வழியை மறிக்கும் மூன்றாம் நிலை அமீன்கள் அல்லது 1,2-டைமெதில் இமிடசோல், கரிம அமிலத்தால் தடுத்த அமீன், அமீனில் ஒரு பகுதியைக் குறைத்துப் பிஸ்மத் அல்லது துத்தநாகக் கார்பாக்ஸிலேட். 1336 இந்த விஷயத்தில் 1233இசட்டியைவிடச் சாது. முடிந்தவர்கள் ஊதுபொருளைத் தனித் தொட்டியில் வைத்து, கலக்கும் தலையிலேயே மூன்றாவது ஓடையாக ஊட்டுகிறார்கள். அது எல்லாவற்றையும்விடச் சுத்தம், எல்லாவற்றையும்விடச் செலவு.

சோதனை எளிது. பிரீமிக்ஸை அழுத்தம் தாங்கும் குப்பிகளில் இறுக மூடி 50 டிகிரியில் வையுங்கள். நாள் 0, 7, 14, 28-இல் ஒவ்வொரு குப்பியாக எடுத்து, திறக்கும் முன் நன்றாகக் குளிரவைத்து, கப் நுரை போட்டு, கிரீம், ஜெல் (கட்டும்), டாக்-ஃப்ரீ (தொட்டால் ஒட்டாத) நேரங்கள் மூன்றையும் எழுதுங்கள். எடையும் பாருங்கள், மூடி கசிந்து ஊதுபொருள் போயிருந்தால் அதை வினையூக்கி செத்ததாக எண்ணிவிடுவோம்.

12 மார்ச் 2025, இரவு

ஹெச்எஃப்ஓவும் நிரந்தரம் என்று எழுதவில்லை, கவனியுங்கள். 2023-இல் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், நார்வே, சுவீடன் ஐந்தும் ஐரோப்பாவில் முன்வைத்த பிஎஃப்ஏஎஸ் (எளிதில் சிதையாத புளோரின் சேர்மங்கள்) தடை வரைவின் வரையறை, டிரைஃபுளோரோமெதில் தொகுதி உள்ள ஹெச்எஃப்ஓக்களையும் அள்ளிக்கொள்கிறது. மேலே சொன்ன இரண்டிலும் அது உண்டு.

17 மார்ச் 2025

வினையூக்கி. டைபியூட்டைல் டின் டைலாரேட் இனப்பெருக்க நச்சு என்று வகைப்படுத்தப்பட்டபின் எல்லோரும் பிஸ்மத் நியோடெகனோயேட்டுக்குத் தாவுகிறார்கள். உலோகத்துக்கு உலோகம் சமமாகப் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

பிஸ்மத்துக்குத் தண்ணீர் ஆகாது. பாலியாலில் ஈரம் இருந்தால் நீராற்பகுப்பு ஆகி, முதலில் மங்கல், பிறகு அடியில் வெள்ளைப் படிவு. வேகம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பாலியால் ஈரத்தை 0.05 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். எலாஸ்டோமர், சீலன்ட்டில் மாலிகுலர் சீவ் (ஈரம் உறிஞ்சும் துகள்) பசை உதவும். கூடுதல் நியோடெகனோயிக் அமிலம் கொஞ்சம் இருந்தால் பிஸ்மத் கரைசலில் நிற்கும். அதிகமானால் அந்த அமிலமே வினையை மந்தமாக்கும். தண்ணீரால் ஊதும் நுரையில் பிஸ்மத்தைப் பிரீமிக்ஸில் போட்டு மாதக்கணக்கில் வைப்பது பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

பாதரசக் காலத்து ஆட்களுக்கு இன்னும் ஏக்கம் தீரவில்லை. ஃபினைல்மெர்குரி வினையூக்கிகள் ஐரோப்பாவில் 2017 அக்டோபர் 10-இலிருந்து தடை. அவை தந்தது வெறும் வேகமல்ல: நெடுநேரம் தண்ணீராகவே இருந்து, திடீரெனக் கட்டும் குணம். வார்ப்பு வேலைக்கு அது பொன். பிஸ்மத்-துத்தநாகக் கலவையில் அந்த வளைவைக் கிட்டத்தட்டக் கொண்டுவரலாம், அச்சாக வராது. ஈரத்தைவிட ஹைட்ராக்ஸிலை விரும்பும் குணமும் பாதரசத்துக்கு இருந்தது. அதனால்தான் ஈரமான நாளிலும் குமிழி வரவில்லை. இப்போது குமிழி வந்தால் வினையூக்கியைத் திட்டாமல் முதலில் பாலியாலை உலர்த்துங்கள்.

20 மார்ச் 2025

மோனோமர் எச்சம் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24-இலிருந்து, கட்டற்ற டைஐசோசயனேட் 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள சரக்கைத் தொழிலில் கையாள்பவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அதன் விளைவாக, பிரீபாலிமரை (ஐசோசயனேட்டும் பாலியாலும் பாதி வினைபுரிந்த சரக்கை) மென்படல வடிப்பில் ஓட்டி மோனோமரை உரித்தெடுத்த சரக்குகள் பெருகிவிட்டன. கேள்வி கேட்டவருக்குச் சொல்கிறேன்: ஐசோசயனேட்டை ஒழித்தது போன்ற பலனில் பெரும்பகுதி, ஐசோசயனேட்டை வைத்துக்கொண்டே இங்கே கிடைத்துவிட்டது. சிலேன் முனை கொண்ட பிரீபாலிமர் சீலன்ட்டும் அப்படித்தான்; ஆலையில் ஐசோசயனேட் உண்டு, டியூபில் இல்லை.

சூடேற்றும்வரை வினைபுரியாதபடி தடுப்பானால் மூடிய, அதாவது தடுத்த ஐசோசயனேட்டிலும் இதேதான். மெக்கோ (மெதில் எதில் கீட்டாக்ஸைம்) தடுப்பானைப் புற்றுநோய்ப் பட்டியலில் ஏற்றியபின் 3,5-டைமெதில் பைரசோல் இடம்பிடிக்கிறது. 140 டிகிரிக்கு மேல் கேட்ட அடுப்பு 120-க்குப் பக்கத்தில் இறங்குகிறது. கலவையின் ஆயுளும் அதற்கேற்பக் குறையும், கோடையில் கவனம்.

26 மார்ச் 2025

மறுசுழற்சி பற்றிக் கேட்டவருக்கு. பழைய மெத்தை நுரையைக் கிளைக்காலிசிஸ் செய்வது, அதாவது கிளைக்காலால் சிதைப்பது, சமையல்போல எளிதாகத் தெரியும். நறுக்கிய நுரை 1 பங்கு, டைஎத்திலீன் கிளைக்கால் 1.5 பங்கு, பொட்டாசியம் ஆக்டோயேட் கொஞ்சம், நைட்ரஜன் மூட்டம், சுமார் 190 டிகிரி. நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், ஒரேயடியாகப் போட்டால் கலக்கி சுற்றாது. வினை முடிந்து நிறுத்தினால் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே பழுப்பாகப் பாலியால்; கீழே கிளைக்கால், கார்பமேட், அமீன்.

வலி இனிமேல்தான். மேலடுக்கில் 5 சதவீதம் கிளைக்கால் தங்கிவிட்டது என்று வையுங்கள். டைஎத்திலீன் கிளைக்காலின் ஹைட்ராக்ஸில் எண் (கிராமுக்கு எவ்வளவு ஹைட்ராக்ஸில் என்ற அளவு) 1057. பாலியாலுடையது 56. கலவை 106, கிட்டத்தட்ட இரட்டிப்பு. வழக்கமான கலவை: பாலியால் 100, தண்ணீர் 4, இண்டெக்ஸ் 105 (அதாவது தேவையானதில் 105 சதவீத ஐசோசயனேட்). பாலியால் சமான எடை 56100-ஐ 56-ஆல் வகுத்தால் 1002, ஆக 0.0998 சமானம். தண்ணீர் 4-ஐ 9-ஆல் வகுத்தால் 0.444. கூட்டினால் 0.544. டிடிஐ சமான எடை 87, ஆக 0.544 பெருக்கல் 1.05 பெருக்கல் 87, அதாவது 49.7 பங்கு. இதே 49.7-ஐ வைத்துக்கொண்டு பாலியாலில் 20 சதவீதத்தை மீட்ட பாலியாலாக மாற்றினால் இண்டெக்ஸ் 90-க்கு விழும்.

27 மார்ச் 2025

நேற்றைய கடைசி வரியில் கணக்கு பிசகிவிட்டது. சுட்டிக்காட்டியவர் சொன்னதுதான் சரி. 90 என்பது பாலியால் முழுவதையும் மாற்றினால். 20 சதவீதம் மட்டும் மாற்றினால் பாலியால் சமானம் 0.0998-இலிருந்து 0.118 ஆகும், மொத்தம் 0.562, இண்டெக்ஸ் 102-க்குப் பக்கம். அவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை.

ஆனால் நுரை அப்போதும் வேறு மாதிரி வரும். காரணம் இண்டெக்ஸ் அல்ல: குட்டை டையால் கடினப் பகுதியைக் கூட்டி மெத்தையை விறைப்பாக்கும், எச்ச டிடிஏ (டிடிஐ செய்வதற்கான மூல அமீன்) ஐசோசயனேட்டோடு மின்னல் வேகத்தில் வினைபுரிந்து கிரீம் டைமைச் சுருக்கும், மிச்சப் பொட்டாசியம் ஐசோசயனேட்டை மூன்று மூன்றாகச் சேர்த்து வளையமாக்கும். பிரீபாலிமருக்கு இந்தப் பாலியாலைப் பயன்படுத்தினால் பொட்டாசியம் ஒன்றே போதும், உலைக்குள் கட்டிவிடும். புதுக் கிளைக்காலால் மேலடுக்கைக் கழுவி, வெற்றிடத்தில் வடித்து, அதன்பிறகே தொடுங்கள். டிடிஏ புற்றுநோய் ஐயம் உள்ளது, கையுறை பேச்சுக்கு அல்ல.

லெவர்குசனில் 2021-இல் தொடங்கிய முன்னோட்ட ஆலை பாலியாலோடு டிடிஏவையும் தனியே மீட்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸில் டெர்ட்-அமைல் ஆல்கஹாலை 225 டிகிரியில் வைத்து அதே இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். அமீனை மீட்டால்தான் திரும்ப டிடிஐ செய்யலாம். கிளைக்காலிசிஸ் பாதி வழிதான்.

2 ஏப்ரல் 2025

மார்ச் 17 குறிப்பில் டின்னைத் துரத்தினேன் அல்லவா? ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டிக்டெல் குழு 2020-இல் பழைய நுரையை இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் உருக்கி மறுவார்ப்பு செய்து காட்டியது. குறுக்குப்பிணைப்பு உள்ள சரக்கு உருகக் கூடாது. ஆனால் சூட்டில் யூரித்தேன் பிணைப்புகள் ஒன்றுக்கொன்று இடம் மாறினால் உருகும். இடம் மாற்றிவிட்டது அதே டின் டைலாரேட். வெறும் அச்சில் அழுத்தினால் நுரைக்குள் இருக்கும் காற்று வெளியேறாமல் விரிசல் விழும். திருகு அதைப் பிழிந்து வெளியேற்றுகிறது. பிஸ்மத், இரும்பு, சிர்க்கோனியம் சேர்மங்களும் இந்த இடமாற்றத்தைச் செய்வதால் டின்னுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. 2016-இலிருந்து ஜெர்மனியின் டோர்மாகனில் கார்பன் டை ஆக்ஸைடை 20 சதவீதம் வரை சங்கிலியில் நெய்த பாலியால் செய்கிறார்கள், துத்தநாகம்-கோபால்ட் இரட்டை உலோக சயனைடு வகை வினையூக்கியால். இந்த வழியில் வேண்டாத துணைவிளைபொருள் எது தெரியுமா? வளைய புரோப்பிலீன் கார்பனேட். சரியாக வடித்து எடுக்காவிட்டால் நுரையிலிருந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஐந்தணு வளையம் அங்கே குப்பை, மேலே கேள்வியில் கதாநாயகன். இந்தப் பாலியால் கொஞ்சம் கெட்டி. பழைய பம்ப் அமைப்பில் விட்டால் கலவை விகிதம் நழுவும், சூடேற்றி ஓட்டுங்கள்.

9 ஏப்ரல் 2025

"முதலில் எதைக் கற்க?" என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். ஹைட்ராக்ஸில் எண் டைட்ரேஷன், கார்ல் ஃபிஷர் முறையில் ஈரத்தை அளப்பது. மீட்ட பாலியாலோ, எண்ணெய்ப் பாலியாலோ, கார்பன் டை ஆக்ஸைடு பாலியாலோ, டிரம் திறந்ததும் இந்த இரண்டும். சான்றிதழில் உள்ள எண் ஆலையை விட்டுக் கிளம்பிய நாளின் எண். மார்ச் 26 குறிப்பில் உள்ள கலவையில் பாலியாலோடு 0.1 சதவீத ஈரம் கூடுதலாக ஒட்டி வந்தால் 0.011 சமானம், அது மட்டும் ஒரு பங்கு டிடிஐயை விழுங்கிவிடும்.